ரீயூனியன்: பிரான்சின் 974ஆம் எண் மாவட்டம். 1946இல் எடுத்த முடிவு சரிதானா?

#1 காவேரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம்.

பிரான்சின் மாவட்டப் பட்டியலைப் பார்த்தால் 01 முதல் 95 வரை அத்தனையும் ஐரோப்பாவுக்குள். அதன் பிறகு எண் 971க்குத் தாவுகிறது: குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன், மயோத். இதில் 974, அதாவது ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ.; மொரீஷியஸிலிருந்து 200 கி.மீ. கூட இல்லை. பாரிஸிலிருந்து 9,000 கி.மீ.க்கு மேல், விமானத்தில் பதினோரு மணி நேரம். பரப்பு 2,512 சதுர கி.மீ., மக்கள்தொகை ஏறக்குறைய 9 லட்சம்.

இவ்வளவு தூரத்தில் இருந்தும் சட்டப்படி அது பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு எம்.பி.க்களை அனுப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது, நேர வித்தியாசத்தால் முதல் கொள்முதலே அங்கேதான் நடந்தது. ஒரு கிலோ லிச்சிப் பழம் வாங்கினார்கள்.

எனக்கு ஆச்சரியம் தருவது 1946 மார்ச் 19ஆம் தேதிச் சட்டம். உலகம் முழுக்கக் காலனிகள் விடுதலை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இந்தத் தீவின் பிரதிநிதிகள் "எங்களை மாவட்டமாக்குங்கள்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஏன் கேட்டார்கள், கேட்டதால் என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 எரிமலைப்பித்தன்

அரசியலுக்குப் போகும் முன் நிலத்தைப் பார்த்துவிடலாம். அந்தத் தீவின் கதையில் பாதியை மலைதான் தீர்மானித்திருக்கிறது.

கடலடியிலிருந்து எழுந்த எரிமலை அது. நீருக்கு மேலே தெரியும் உச்சி பித்தோன் தெ நேஜ், 3,070 மீட்டர். அதன் அடிவாரமோ நீருக்குள் இன்னும் 4,000 மீட்டர் கீழே. இந்த எரிமலைக்குத் தீனி போடும் அதே வெப்பப் புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்), இந்தியத் தட்டு அதன் மேலே நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கருங்கல் அடுக்குகளைக் கொட்டியது. தட்டு வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசைக்கு அடித்தளம் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இங்கே நிற்கிறது. மகாராஷ்டிரத்தில் நாம் பார்க்கும் கரும்பாறைக்கும் ரீயூனியனுக்கும் ஊற்று ஒன்றே.

பித்தோன் தெ நேஜ் தூங்கிவிட்டது. அது இடிந்தும் மழையில் அரிபட்டும் மூன்று பெரிய கிண்ணப் பள்ளத்தாக்குகள் உருவாயின: சலாசி, சிலாவோஸ், மஃபாத். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் செங்குத்துச் சுவர்கள். தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்நேஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பெரும்பாலும் கிழக்கே கடலை நோக்கித் திறந்த ஆளில்லாத பள்ளத்துக்குள்தான் எரிமலைக் குழம்பு ஓடும். 1977இல் தப்பி வெளியே வந்து சாந்த்-ரோஸ் பக்கத்து ஊருக்குள் இறங்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்ச்சேதம் இல்லை. தேவாலயத்தின் வாசல் வரை வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து கட்டடத்தைச் சுற்றி உறைந்து நின்றது. எரிமலைக் கண்காணிப்பு நிலையம் வந்தது அதற்கு அப்புறம்தான். 2007 ஏப்ரலில் உச்சிக் குழியின் தரையே 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. குழம்பு தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்து தீவுக்குப் புதிய நிலம் சேர்த்தது.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. 1966 ஜனவரியில் புயல் ஒன்றில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. 2007இல் கமேத் புயலின்போது கொமெர்சோன் எரிமலைவாயில் மூன்றே நாளில் 3,930 மி.மீ. இரண்டும் உலகச் சாதனைகள். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மழை கிழக்குக் கரைக்கு மட்டும். மலை மேகத்தைத் தடுத்துவிடுவதால் மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். கிழக்கின் நீரை மலைக்குள் சுமார் 30 கி.மீ. சுரங்கம் குடைந்து மேற்கே கொண்டுபோக கால் நூற்றாண்டு பிடித்தது.

#3 தீவுவாசி

நான் வேலை நிமித்தம் தலைநகர் சான்-தெனியில் குடியிருப்பவள். எரிமலைப்பித்தன் அண்ணா சொன்னதற்கு அன்றாடத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

இங்கே யாரைக் கேட்டாலும் ஊரை இரண்டாகத்தான் சொல்வார்கள்: 'லே பா', அதாவது கரையோரத் தாழ்வான பகுதி; 'லே ஓ', அதாவது மேட்டுப் பகுதி. ஜனங்களில் பெரும்பாலோர் கரையோர வளையத்தில்தான். நகரம், துறைமுகம், கரும்பு, நெடுஞ்சாலை, கடைத்தெரு எல்லாமே கடலுக்கும் மலைக்கும் நடுவே உள்ள அந்தப் பட்டையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தீவின் உட்பகுதியில் பெரும்பங்கு 2007 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சொத்து. அங்கே கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் வீட்டுமனைக்கும் கரும்புக்கும் தினமும் போட்டி.

மஃபாத்துக்கு இன்றுவரை சாலை கிடையாது. எழுநூறு எண்ணூறு பேர் சின்னச் சின்னக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டுதான் வரும். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஆசிரியர்கள் நடந்து போகிறார்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லை, வனத்துறையிடம் குத்தகை.

சிலாவோஸுக்குச் சாலை உண்டு. '400 வளைவுச் சாலை' என்று பெயர். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் மூடிவிடுவார்கள், ஊரே துண்டிக்கப்படும். அங்கே விளையும் சிறு பருப்புக்கு இங்கே பெரிய மதிப்பு. விலை அதிகம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அதைத்தான் தேடுவார்கள். சோறு, பருப்பு, காரக்கறி, பக்கத்தில் மிளகாய் ருகாய் என்னும் காரத் துவையல்: தினசரிச் சாப்பாடு இதுதான். முருங்கைக்கீரையும் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

#4 புதுவை வாசன்

காவேரிக்கரை கேட்ட 1946க்கு வருகிறேன். அதற்கு 1663இலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தீவில் பழங்குடி என்று யாரும் இல்லை. பிரான்ஸ் 1640 வாக்கில் உரிமை கொண்டாடி, 1649இல் 'பூர்போன்' என்று பெயர் வைத்தது. 1663இல் நிலையாகக் குடியேறியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் பத்து மடகாஸ்கர் மக்களும். அந்தப் பத்தில் மூன்று பெண்கள். முதல் தலைமுறையிலேயே கலப்பு தொடங்கிவிட்டது.

1715இல் ஏமனின் மோக்காவிலிருந்து காப்பிச் செடி வந்தது. காப்பிக்கு ஆள் வேண்டும் என்று மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள், இந்தியாவிலிருந்தும் ஓரளவு. 1723இல் அடிமைச் சட்டம் எழுத்தில் வந்தது. 1735இல் இரண்டு தீவுகளுக்கும் ஆளுநராக வந்த லா பூர்தொனே, மொரீஷியஸைத் துறைமுகமாகவும் பூர்போனைத் தானியக் களஞ்சியமாகவும் வைத்துக்கொண்டார். 1746இல் கடல்வழியே வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தாரே, அதே லா பூர்தொனே.

தப்பி ஓடிய அடிமைகளுக்கு அந்த மூன்று பள்ளத்தாக்குகள்தான் அடைக்கலம். மஃபாத், சிமாந்தெஃப், ஆன்ஷேன் எல்லாம் அவர்களுடைய தலைவர்களின் பெயர்கள். இப்போது மலைகளுக்கும் ஊர்களுக்கும் நிலைத்துவிட்டன. கூலிப்படை வைத்து வேட்டையாடினார்கள். பிற்பாடு, சொத்து பாகம் பிரிந்து நிலமில்லாமல் போன ஏழை வெள்ளையர்களும் அதே மலைக்குத்தான் ஏறினார்கள்.

1806-07 புயல்கள் காப்பியை அழித்தன. அதற்குள் பிரான்ஸ் தனக்குச் சர்க்கரை தந்த ஹெய்த்தியை இழந்துவிட்டது. 1810இல் ஆங்கிலேயர் இரண்டு தீவுகளையும் பிடித்து, நல்ல துறைமுகம் உள்ள மொரீஷியஸை வைத்துக்கொண்டு இதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரான்சுக்குச் சர்க்கரை வேண்டும், தீவுக்கு ஒரு பயிர் வேண்டும். கரும்பு அப்படித்தான் தீவைப் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் எழுந்தன.

1848 டிசம்பர் 20 அன்று பிரெஞ்சுக் குடியரசின் ஆணையர் சார்தா கரிகா சான்-தெனியில் அடிமை முறை ஒழிப்பை அறிவித்தார். 60,000க்கும் அதிகமானோர் விடுதலை பெற்றார்கள். தீவின் ஜனத்தொகையில் பாதிக்கு மேல். நஷ்டஈடு முதலாளிகளுக்குக் கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால்தான் 1946 புரியும். ரெமோன் வெர்ஜெஸ், லெயோன் தெ லெபெர்வான்ஷ் என்ற இரண்டு இடதுசாரி எம்.பி.க்கள் மார்த்தினிக் எம்.பி. எமே செசேரோடு சேர்ந்து இந்தச் சட்டத்தைக் கேட்டார்கள். ஆளுநரும் தோட்ட முதலாளியும் கைகோத்து நடத்தும் ஆட்சி போய், பிரான்சில் ஒரு தொழிலாளிக்கு உள்ள அதே கூலிச் சட்டமும் மருத்துவக் காப்பீடும் தங்கள் ஆட்களுக்கும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. காலனியை ஒழிக்க அவர்கள் தேர்ந்த வழி அது.

#5 கணக்கன்

வரலாறு நன்று, வாசன். ஆனால் கோரியதும் கிடைத்ததும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் பிரான்சின் அளவுக்குச் சமமானது 1996இல். சட்டம் போட்டு ஐம்பது ஆண்டு கழித்து! அதற்குள் அந்தத் தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போதைய நிலை: வேலையின்மை 17-18 சதவீதம். பிரான்சின் வறுமைக் கோட்டை வைத்து அளந்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏழை. பிரான்சில் ஏழில் ஒருவர். ஏற்றுமதியை எடுத்துப் பார்த்தால் இறக்குமதிக்குப் பக்கத்திலேயே நிற்காது. கார், அரிசி, பால் பவுடர், பெட்ரோல் எல்லாம் கப்பலில். பணம் பாரிஸிலிருந்து சம்பளமாகவும் உதவித்தொகையாகவும் வருகிறது. பெரும்பகுதி அதே கப்பலில் பொருளுக்கு விலையாகத் திரும்பிப் போகிறது. இதைப் பொருளாதாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் மொரீஷியஸ். 1968இல் விடுதலை, அதே கரும்பு, அதே புயல். 1970இலேயே ஏற்றுமதி மண்டலம் போட்டு ஆடைத் தொழிலைக் கொண்டுவந்தார்கள், அப்புறம் சுற்றுலா, வங்கி. தன் காலில் நிற்கிறது.

#6 எரிமலைப்பித்தன்

கணக்கன், ஒரு விஷயம். மொரீஷியஸின் மிக உயர்ந்த மலை 828 மீட்டர்தான். நடுவில் வாழத்தக்க சமவெளி இருக்கிறது, சுற்றிலும் பவளப்பாறை காக்கும் கடற்கரை இருக்கிறது, இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. ரீயூனியனில் பவளப்பாறை மேற்கில் ஒரு துண்டுதான். 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் அதிகமாகி, 2013இல் பாறைக்கு வெளியே குளிப்பதற்கே தடை போட்டார்கள். துறைமுகம்கூட 1886இல் தரையை வெட்டி உண்டாக்கியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

#7 தீவுவாசி

கணக்கன் ஐயா, தனிநபர் வருமானம் மொரீஷியஸைவிட இங்கே இரண்டு மடங்குக்குப் பக்கம். அதை மட்டும் வைத்து வாதாட மாட்டேன். 1946இல் இங்கே மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. மலேரியாவிலும் பசியிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. 1979இல் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று சராசரி ஆயுள் 80ஐத் தாண்டிவிட்டது. 2005-06இல் சிக்குன்குன்யா வந்து மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தபோது பிரான்சின் மருத்துவ அமைப்பு முழுக்க இங்கே திரும்பியது. இந்தப் பணத்தை வெறும் தானம் என்று கணக்கில் எழுத முடியாது.

கரும்பைப் பற்றிச் சொல்கிறேன். சுமார் 20,000 ஹெக்டேர், விவசாய நிலத்தில் பாதிக்கு மேல். நூற்றுக்கும் அதிகமாக இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியவை இரண்டு: கிழக்கே சான்-ஆந்த்ரேயில் புவா-ரூஜ், தெற்கே சான்-லூயியில் லெ கொல். விவசாயி ஒருவருக்குச் சராசரி பத்து ஹெக்டேர்கூட இருக்காது. நிறைய நிலம் சரிவில் இருப்பதால் அறுவடை இயந்திரம் ஏறாது. கத்தியால்தான் வெட்ட வேண்டும்.

ஜூலை முதல் டிசம்பர் வரை அறுவடை. டிராக்டர்கள் 'பாலான்ஸ்' என்று சொல்லும் எடைமேடையில் வரிசை கட்டும். அங்கே ஒரு குழாய்த் துளைப்பான் சுமைக்குள் இறங்கி மாதிரிக் கரும்பை எடுக்கும். அதைப் பிழிந்து சர்க்கரைச் சத்து பார்த்து, அதன்படிதான் விலை. மழையில் நனைந்த வாரத்தில் சத்து குறைந்தால் அதே எடைக்குப் பணம் குறையும். விவசாயிகள் அந்த அளவுச் சீட்டை எப்படிக் கூர்ந்து படிக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும், இது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று. எடைமேடையிலிருந்து 'கஷலோ' என்னும் பெரிய லாரிகள் ஆலைக்கு ஏற்றிப் போகும். சக்கை பக்கத்திலேயே உள்ள மின்நிலையத்துக்குப் போய்விடும். கரும்பு இல்லாத மாதங்களில் முன்பு நிலக்கரி எரித்தார்கள்; அண்மையில் அதை விட்டு இறக்குமதி மரவில்லைகளுக்கு மாறியிருக்கிறார்கள்.

ஐரோப்பியச் சர்க்கரை ஒதுக்கீடு 2017இல் முடிந்தது. மானியம் இல்லாவிட்டால் பீட்ரூட் சர்க்கரையோடு போட்டி போட முடியாது. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வடக்கிலும் கிழக்கிலும் வயல்களை அடித்துப்போட்டது. ஆனாலும் கரும்பை விடு என்று இங்கே யாரும் சுலபமாகச் சொல்வதில்லை. புயலில் படுத்தாலும் மறுபடி துளிர்க்கும் பயிர் அது. வேர் மண்ணைப் பிடித்துவைக்கிறது. அந்தச் சரிவில் தக்காளி போட்டால் ஒரே மழையில் மண் கடலுக்குப் போய்விடும்.

#8 பாரிஸ் மாறன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் கன காலமாக இருக்கிறன். என்னோடு வேலை செய்த ரீயூனியன்காரர் பலர். எல்லாரும் ஒரே மாதிரியான வேலைகளில்தான்: தபால், ஆஸ்பத்திரி, நகரசபை. ஏன் என்று விசாரித்தபோதுதான் புமிதோம் பற்றித் தெரிய வந்தது.

1963இல் மிஷேல் தெப்ரே ரீயூனியனின் எம்.பி. ஆனார். அதிபர் டு கோலின் முதல் பிரதமராக இருந்த அதே தெப்ரேதான். தீவில் சனத்தொகை கூடுகிறது, வேலை இல்லை, கம்யூனிஸ்டுகள் வளருகிறார்கள். பிரான்சில் ஆள் பற்றாக்குறை. அதனால் இளம் ஆக்களை அங்கிருந்து பிரான்சுக்குக் கொண்டுவர புமிதோம் என்ற அரசு நிறுவனத்தை அமைத்தார்கள். 1980களின் தொடக்கம் வரை நடந்தது. ஒருவழி டிக்கெட்தான். பலர் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். ஆனால் தாய் தகப்பன் செத்தபோது போக வழியில்லாமல் இருந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

இதைவிடக் கொடுமை பிள்ளைகளின் கதை. 1962க்கும் 1984க்கும் இடையில் 2,015 சிறுபிள்ளைகளை, குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் இருந்தவர்களை, பிரான்சின் ஆளில்லாத கிராமப்புற மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். அதிகம் பேசப்படுவது க்ரூஸ் மாவட்டம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் ஒப்பம் வாங்கினார்கள். பிள்ளை படித்துவிட்டு விடுமுறைக்குத் திரும்பி வரும் என்று நம்பினவர்கள் பலர். சில பிள்ளைகள் நல்ல வீட்டில் வளர்ந்தார்கள், சிலர் பண்ணையில் சம்பளமில்லாக் கூலிகளாக. 2014 பெப்ரவரி 18 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் போட்டது.

தீவுவாசி சொன்ன ஆஸ்பத்திரியும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே அரசு. 1946ஐப் பற்றிப் பேசுகிற ஆள் இந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போகக் கூடாது.

#9 காவேரிக்கரை

மாறன் அண்ணை, இதை எழுதியதற்கு நன்றி. க்ரூஸ் விஷயம் எனக்கு முழுக்கப் புதிது.

வாசன், தமிழர்கள் எப்போது எப்படிப் போனார்கள் என்பதை நீங்கள் இன்னும் தொடவில்லையே?

#10 புதுவை வாசன்

வருகிறேன். 1828இலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு குழு போயிருக்கிறது. ஆனால் வெள்ளம்போல் போனது 1848க்குப் பிறகு. விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு விலகியதும் முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை எடுத்தார்கள். 1860இல் பிரிட்டனோடு உடன்படிக்கை போட்டு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். கூலிகளை மோசமாக நடத்துகிறார்கள் என்ற புகார்கள் குவிந்து 1882இல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. மொத்தம் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தீவில் அவர்களை மலபார் என்கிறார்கள். மலையாளக் கரைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. தாமதமாக வந்தால், வேலைக்கு வராவிட்டால் கூலியில் வெட்டு. ஊர் திரும்பக் கப்பல் உண்டு என்று எழுத்தில் இருந்தது. பாதிக்கும் மேல் திரும்பவில்லை. ஆலைக்குப் பக்கத்தில் முதலாளி கொடுத்த இடத்தில் சின்னக் கோயில் கட்டிக்கொண்டார்கள். காளி, மாரியம்மன், திரௌபதி. தீமிதி இன்றும் நடக்கிறது. ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டார்கள், வீட்டில் சாமியும் கும்பிட்டார்கள். பதிவேட்டில் கிறிஸ்தவப் பெயர், வீட்டில் இன்னொரு பெயர். தமிழ் மெல்லத் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குள் கரைந்துவிட்டது. சடங்கும் பாட்டும் நிலைத்தன.

அரசியலிலும் இந்த வம்சாவளி முக்கியம். சான்-ஆந்த்ரேயின் மேயராக நெடுங்காலம் இருந்த ழான்-போல் விராபுல்லே 2003 அரசியலமைப்புத் திருத்தத்தின்போது ஒரு பத்தி சேர்க்க வைத்தார். மற்றக் கடல்கடந்த மாவட்டங்களுக்குத் தங்கள் இடத்துக்கேற்ற சட்டம் செய்துகொள்ள வழி திறந்தது. ரீயூனியனுக்கு மட்டும் அந்த வழி வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். தனிச் சட்டம் என்றால் மெல்லத் தனியாக்கிவிடுவார்கள் என்ற அச்சம். அந்தப் பத்தியை நீக்கலாமா கூடாதா என்று இன்றும் வாதம்.

இன்னொன்று. அடிமையாகப் பிறந்த எத்மோன் அல்பியுஸ், 1841இல் 12 வயதுப் பையன். வனிலாப் பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய சவ்வை ஒரு சின்னக் குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் ஒன்றோடொன்று அழுத்திவிட்டால் காய் பிடிக்கும் என்று காட்டினான். பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். அதற்குள் செய்துவிட வேண்டும். இன்றும் உலகம் முழுக்க வனிலா இந்த முறையில்தான் காய்க்கிறது. அவர் 1880இல் வறுமையில் இறந்தார்.

#11 கணக்கன்

அந்த 2003 பத்திதான் என் வாதத்துக்கு நல்ல உதாரணம். பாரிஸுக்கு எழுதிய விதி 9,000 கி.மீ. தள்ளியுள்ள தீவுக்கு அப்படியே பொருந்துமா? இன்னும் பாருங்கள். அங்கே உள்ள அரசு ஊழியருக்கு பிரான்சின் சம்பளத்தைவிட 53 சதவீதம் அதிகம். விலைவாசி கூடுதலாக இருப்பதால் என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் 2022 கணக்குப்படி மொத்த விலை வித்தியாசம் 9 சதவீதம்தான். உணவுக்கு மட்டும் 37. சம்பளம் கூடியவர்களுக்கு ஏற்றாற்போல் கடை விலை நிற்கிறது. உதவித்தொகையில் வாழ்கிறவர் அதே விலையைக் கொடுக்கிறார். போதாததற்கு இறக்குமதிப் பொருளுக்குக் கடல் சுங்கம். காலனிக் காலத்து வரி. நகரசபைகள் அதில்தான் ஓடுவதால் யாரும் தொடத் துணிவதில்லை.

ஒரே நிலப்பரப்பில் மாவட்ட மன்றம் ஒன்று, மண்டல மன்றம் ஒன்று என இரண்டு சபைகள் வேறு.

#12 தீவுவாசி

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைப் போராட்டம் இங்கே பிரான்சைவிடக் கடுமையாக நடந்தது. சாலைகளை மறித்தார்கள், கடை அடைப்பு, தீவில் பாதி நகராட்சிகளில் ஊரடங்கு. கேட்டது என்ன? விலையைக் குறை, வேலையை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடு. பிரிந்து போகிறோம் என்று யாரும் பலகை பிடிக்கவில்லை. என் பார்வையில் 1946 கோரிக்கையின் தொடர்ச்சி இது. கூலியிலும் மருத்துவத்திலும் சமத்துவம் வந்தது, சந்தையில் வரவில்லை. ஒரே மாவட்டம் என்றால் ஒரு கிலோ ஆப்பிளும் தயிரும் ஏன் இந்த விலை என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பிரிந்திருந்தால் யாரிடம் கேட்பார்கள்?

இரண்டு சபை விஷயத்தில் முழு உடன்பாடு. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனு போட வேண்டுமென்றால் அது நடுநிலைப் பள்ளியா மேல்நிலைப் பள்ளியா என்று பார்த்து வேறு வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

#13 காவேரிக்கரை

கடலின் மேல் ஒரு பாலம் கட்டி, அது பாதியில் நிற்கிறது என்று படித்தேன். அது எங்கே வருகிறது?

#14 எரிமலைப்பித்தன்

அது நான் சொன்ன மலையின் வேலைதான். தலைநகர் சான்-தெனிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கடலில் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். அதன் அடியில் 1963இல் சாலை போட்டார்கள், 1976இல் நான்கு தடமாக்கினார்கள். மழை பெய்தால் கல் விழும். 2006இல் விழுந்த பாறையில் இரண்டு பேர் இறந்தார்கள். மலைப்பக்கத் தடங்களை மூடிக் கடல்பக்கத்தில் மட்டும் வண்டி விடுவது அங்கே வழக்கமான செய்தி. தினமும் 60,000க்கும் மேல் வண்டிகள் போகிற முக்கிய வழி.

முதலில் ரயில் பாதைத் திட்டம் இருந்தது. மண்டல மன்றத்துக்குத் தலைமை வகித்த போல் வெர்ஜெஸ், அந்த 1946 எம்.பி.யின் மகன், 2010 தேர்தலில் தோற்றதும் அடுத்து வந்தவர்கள் அதைக் கைவிட்டு, கடலுக்குள்ளேயே புதிய சாலை என்று முடிவானது. 5.4 கி.மீ. கடற்பாலம் 2022 ஆகஸ்டில் திறந்தது. மிச்சப் பகுதியைக் கல் கொட்டிக் கரையாக அமைக்க நினைத்தார்கள்; அவ்வளவு பாறை வெட்ட இடம் கிடைக்கவில்லை. கல்குவாரி வேண்டாம் என்று ஊர் மக்கள் எதிர்த்தார்கள். இப்போது அதையும் பாலமாகவே கட்டுவதாக முடிவு. 1.66 பில்லியன் யூரோ என்று தொடங்கிய செலவு 2 பில்லியனைத் தாண்டிவிட்டது.

ரயில் முன்பு அங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1882இல் அந்தப் பாறைக்குள் 10 கி.மீ.க்கு மேல் சுரங்கம் வெட்டி ஓட்டினார்கள். சாலை வந்ததும் மூடிவிட்டார்கள்.

#15 புதுவை வாசன்

புதிய பாலம் இப்போது வந்து நிற்கும் இடத்தின் பெயர் கிராந்த் ஷலூப். நம் ஆட்களை ஏற்றி வந்த கப்பல்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம் அதுதான். 1860 வாக்கில் கட்டியது. காலராவும் அம்மையும் உள்ளே வராமலிருக்க, கூலிகளை அங்கே அடைத்து வைத்துப் பார்த்த பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரு கட்டடத்தைச் சீர்செய்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: சான்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் எண்வரிசைப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, கப்பல், எந்தத் தோட்டம் என்று குறித்திருப்பார்கள். பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் ஒரே பெயரை நாலைந்து விதமாகத் தேடிப் பார்க்க வேண்டும். காலனி அமைச்சகத்தின் தாள்கள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில். இங்கே புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ தேடுவதானால் கப்பலின் பெயரையும் புறப்பட்ட ஆண்டையும் முதலில் பிடியுங்கள். அது கிடைத்தால் மற்றதை அங்கே தேடுவது சுலபம்.